ஓர்லியும் சிரித்தாள்

நவம்பர் 12, செவ்வாய்
வின்னிபெக்கில் காலையிலிருந்து பனி. பள்ளியில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். மதம் என்ற இடத்தில் என் மகள் ஓர்லி ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள்.
"யூதர்னு எழுதலாமேடி?"
"நீதான் சாமியே இல்லங்கற. யூதர் தொடக்கூடாத பன்றிக்கறிய அப்பா வறுக்கறாரு. எதை வெச்சும்மா எழுதறது?"
பன்னிரண்டு வயது. நான் பாத்திரம் கழுவப் போனேன்.

நவம்பர் 14
என் கணவர் லெவிடம் சொன்னேன். "பெரியவளானதும் அவளே தேர்ந்தெடுக்கட்டுமே" என்றார். எதிலிருந்து? நாம் எதையும் கொடுக்கவே இல்லையே.

நவம்பர் 15, வெள்ளி
வெள்ளி சாயங்காலம் யூத வீடுகளில் வைக்கும் பின்னல் ரொட்டியும், ஏற்றும் இரண்டு மெழுகுவத்தியும் வாங்கி வந்தேன். ஏற்றினேன். அப்புறம்? நம்பாத பிரார்த்தனையைச் சொல்ல வாய் வரவில்லை. மூவரும் சுடரைப் பார்த்தபடி நின்றோம்.
"ஹாப்பி பர்த்டே பாடிடலாமா?" என்றார் லெவ். ஓர்லி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

நவம்பர் 17
மிச்ச ரொட்டியை முட்டையில் தோய்த்துப் பொரித்தேன். அதை மட்டும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள்.

நவம்பர் 21, வியாழன்
பள்ளியிலிருந்து வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தேன். அரை மணி கழித்துச் சொன்னாள். சாப்பாட்டு மேசையில் அவளுடைய தோழி சிக்ரித், ஹிட்லர் காலத்து விஷவாயு அறையை வைத்து யூதர்களைப் பற்றி ஒரு ஜோக் சொன்னாளாம்.
"எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்மா. நான் யாருன்னு அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதே இல்ல."
திட்டத்தான் வாயைத் திறந்தேன். யாரைத் திட்டுவது?
லெவுக்குக்கூடத் தெரியாததை அவளிடம் சொன்னேன். முதல் வேலையில் மேனேஜர் யூதர்களுக்கு நீள மூக்கு என்று கிண்டலடித்தபோது நானும்தான் சிரித்தேன். பதினெட்டு வருஷமாச்சு. அந்தச் சிரிப்பு இன்னும் போக மாட்டேங்குது.
"அப்புறமாவது அவர்கிட்ட சொன்னியா?"
"இல்லடி."
தாழ்ப்பாள் திறந்தது. மடியில் வந்து விழுந்தாள். என்ன கனம் கனக்கிறாள்!

நவம்பர் 22, வெள்ளி
இன்று மெழுகுவத்தி வேண்டாம் என்றுதான் இருந்தேன். "ஏத்தலயா?" என்று அவளே கேட்டாள். ஏற்றினேன். லெவும் வந்து பக்கத்தில் நின்றார்.

நவம்பர் 26
தான் யூதப் பெண் என்று சிக்ரித்திடம் ஓர்லி சொல்லிவிட்டாளாம். அந்தப் பெண் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாளாம். ஐந்து வருஷ சிநேகிதம். நான் என் கதையைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ— தெரியல. ஒண்ணுமே தெரியல.

டிசம்பர் 6, வெள்ளி
சாயங்காலம் வாசல் மணி. பனி அப்பிய பூட்ஸோடு சிக்ரித்.
"மன்னிச்சிடுங்க ஆன்ட்டி. ஓர்லிகிட்டயும் சொல்லணும்."
"உங்கம்மா அனுப்பினாங்களா?"
"அவங்களுக்குத் தெரியவே தெரியாது."
நான் அவளைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டேன் போலிருக்கிறது. பின்னாலிருந்து ஓர்லி, "உள்ள வந்து பேசேண்டி, வீடே உறைஞ்சு போகுது" என்றாள்.
இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார்கள். ஒரு வார்த்தையும் என் காதில் விழவில்லை. பிறகு சாப்பிட வந்தார்கள். மேசையில் எரிந்த மெழுகுவத்திகளைப் பார்த்து சிக்ரித் மெல்லக் கேட்டாள், "இது எதுக்கு?"
நான் வாய் திறப்பதற்குள் ஓர்லி சொன்னாள்: "வெள்ளிக்கிழமைன்னா நாங்க ஏத்துவோம்."
நான் ரொட்டி எடுத்துவரச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.