முந்நூறு முடிச்சுகள்

செப்டம்பர் 12
கராஜ் தரைக்கு நுரைப்பலகை விரித்தாயிற்று. கம்பியும் வந்து இறங்கிவிட்டது. தரைக்குள் வெந்நீர்க் குழாய் ஓடும். இனி பனியில் கிடந்து வண்டி பழுது பார்க்க வேண்டாம். மண் உறையுமுன் கான்கிரீட் போட்டாக வேண்டும். 28ஆம் தேதிக்குக் கலவை லாரி சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 15
கம்பி முறுக்கும் குறடு மூன்று முறை கையிலிருந்து விழுந்தது. குளிர் என்று சொல்ல முடியாது, நல்ல வெயில்.

செப்டம்பர் 17
என் மனைவி மார்லிஸின் தம்பி கர்ட் உதவிக்கு வந்தான். வந்ததும் ஒரு கம்பியைப் பிடித்துத் தூக்கினான். முடிச்சுகள் கழன்று, கம்பி கையோடு வந்துவிட்டது.

“என்ன மச்சான், ஷூ லேஸ் மாதிரி கட்டி வச்சிருக்க?”

சிரித்தேன். முப்பது வருடம் பாலங்களுக்குக் கம்பி கட்டியவன் நான். அவன் அந்த வரிசையை மறுபடி கட்டினான். அதற்குப்பின் கிண்டல் செய்யவில்லை. அதுதான் உறுத்துகிறது.

செப்டம்பர் 18
சட்டைப் பொத்தான் போட மார்லிஸைக் கூப்பிட வேண்டியிருந்தது.

செப்டம்பர் 20
இடது கையால் கட்டிப் பார்த்தேன். மார்லிஸ் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள். சாப்பிடும்போது என் வலது கையைத் திருப்பி, கட்டைவிரல் அடியில் தடவினாள். அங்கே சதை குழிந்திருக்கிறது.

“எத்தனை நாளா இப்படி?”

குறடு பழசு என்றேன். அவள் குறட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

செப்டம்பர் 24
குழாயைக் கம்பியோடு சேர்த்துக் கட்டி, காற்றடைத்துவிட்டோம். அழுத்தமானி அறுபதில் நிற்கிறது. குழாயில் ஓட்டை இல்லை.
மாலையில் முழங்கைக்குக் கீழே தோலுக்குள் ஏதோ துடித்தது. வலி இல்லை. சின்ன மீன் நீந்துவதுபோல், நான் அசைக்காமலே. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்?

செப்டம்பர் 27
நாளை லாரி. காலையில் நானே ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்தேன். முந்நூறில் எழுபதுக்கு மேல் தளர்வு. எல்லாம் நான் கட்டியவை. கலவை விழுந்தால் குழாய் மேலே மிதந்து வரும். பிறகு விரிசல் விடாமலிருக்கத் தரையில் வெட்டுக்கோடு போடும்போது ரம்பம் அதை அறுத்துவிடும். உள்ளே புதைந்ததை யார் தோண்டுவது? சொல்லாமல் விடலாமா என்றுகூட நினைத்தேன் — ஆமாம், நினைத்தேன்.
கர்ட்டைப் போனில் கூப்பிட்டேன். வந்தான்.

“என் கை வேலை செய்யல, கர்ட். மறைச்சுட்டேன்.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. கம்பிச்சுருளை எடுத்து இடுப்பில் மாட்டினான்.

“தெரியும் மச்சான். எந்த வரிசையிலருந்து ஆரம்பிக்கணும், அதச் சொல்லு.”

நான் காட்டக் காட்ட அவன் கட்டினான். இருட்டுமுன் முடிந்தது.

செப்டம்பர் 28
கான்கிரீட் போட்டாயிற்று. மட்டப்பலகை பிடிக்க என்னை விடவில்லை. அழுத்தமானி பக்கத்தில் நின்றேன். முள் இறங்கவில்லை.

அக்டோபர் 9
டுலூத் ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கையில், காலில், நாக்கில்கூட ஊசி குத்திப் பார்த்தார். கைக்கு நாக்கு எதற்கு? பிறகு வெளியே இருந்த மார்லிஸையும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் கதவைச் சாத்தியபோதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. மீதியை அவர் சொன்னார்: கையில் தொடங்கியது காலுக்கும், பிறகு நாக்குக்கும் போகும்.

அக்டோபர் 10
குறட்டை எண்ணெய் போட்டுத் துடைத்து, கர்ட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஜனவரி 6
சொல்வது நான், எழுதுவது மார்லிஸ்.
வெளியே கடுங்குளிர். கராஜ் தரை வெதுவெதுப்பாக இருக்கிறது. ஒரு விரிசல்கூட இல்லை. காலுறை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். கர்ட் வீட்டுக்கும் கராஜுக்கும் நடுவே இருந்த இரண்டு படியை எடுத்துவிட்டுச் சரிவுப்பலகை அடித்துக்கொண்டிருந்தான். எவ்வளவு அகலம் என்று என்னைக் கேட்கவில்லை. சக்கர நாற்காலிக் கடையிலேயே அளவெடுத்து வந்திருக்கிறான்.
இதையும் எழுதணுமா என்கிறாள் மார்லிஸ். எழுது என்றேன்.