பனியனில் ஒரு கறை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நானும் சுகம் என்று அடுத்த வரியிலேயே எழுதிப் பழகிய கையை இன்று கொஞ்சம் பொறு என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். பதறாமல் கடைசி வரை படி, கண்டம் தாண்டிவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அத்தைக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, வாய்க்கு மட்டும் ஒரு வலியும் இல்லை. மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த வீட்டுக் குழந்தை பந்து உருட்டும் சத்தத்துக்கு எத்தனை நாள் முணுமுணுத்திருப்பேன், இப்போது சாப்பிட உட்கார்ந்தால் நான் மெல்லுகிற சத்தம் எனக்கே கேட்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் துணி துவைக்கும்போது பனியனில் இடது பக்கம் மிளகு அளவுக்கு ஒரு சிவப்புக் கறை இருந்தது. தாமதமாக வரும் பஸ்ஸின் நேரத்தை டிப்போவில் சிவப்பு மையில்தான் எழுதுவோம், பேனா எப்போதும் சட்டைப் பையில் இருக்கும், அதனால் பேனாதான் ஒழுகுகிறது என்று திட்டிக்கொண்டே மூன்று பேனா மாற்றினேன். மூன்றாவது பேனாவுக்கும் கறை வந்தபோதுதான் சட்டை சுத்தமாக இருப்பதைக் கவனித்தேன். வெளியே இருக்கிற சட்டையில் இல்லாமல் உள்ளே இருக்கிற பனியனில் மட்டும் மை எப்படிப் படும்? உன் அம்மா துவைத்திருந்தால் முதல் நாளே பனியனைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றிருப்பாள். தொட்டுப் பார்த்தேன், மார்க்காம்புக்குப் பின்னால் பட்டாணி மாதிரி ஒன்று. வலி இல்லை. வலி இல்லாததால் இன்னும் இரண்டு மாதம் சும்மா இருந்தேன், உண்மையில் வெட்கம்தான், யாரிடம் போய் இதைச் சொல்வது.

கடைசியில் காட்டிய டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆம்பளைங்களுக்கும் வரும் ஐயா, அபூர்வமா வரும், ஆனா வரும்" என்று சொல்லி மேமோகிராம் எழுதிக் கொடுத்தார். பெண்கள் பகுதி என்று பலகை போட்ட இடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு நடுவில் நான் ஒருவன். சீட்டு வாங்கும் பெண், "அம்மா உள்ள போயிட்டாங்களா ஐயா?" என்று கேட்டாள். அம்மா போய் ஆறு வருடமாகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது, போயிட்டாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். என் பெயரைக் கூப்பிட்டதும் பக்கத்திலிருந்த அம்மாள், "பேர மாத்திக் கூப்பிடுறாங்க போலிருக்கு" என்றார். நான் எழுந்தேன். அந்த அம்மாளின் முகம் மாறியது, சிரிப்பார் என்று நினைத்தேன், "பையை வெச்சிட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

உள்ளே பூப்போட்ட அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள், நல்லவேளை கண்ணாடி இல்லை. படம் எடுக்கிற பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்த வேண்டும், என்னிடம் அழுத்த என்ன இருக்கிறது. "பிடிக்கவே ஒண்ணும் இல்லையே ஐயா" என்று அவள் தவிக்க, "சாப்பாடு நானே சமைச்சிக்கறேம்மா, அதான்" என்றேன், இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அப்புறம் என் தோளைப் பிடித்துத் திருப்பி, முதுகில் கை வைத்து நெருங்கி நிற்க வைத்து, மூச்சை நிறுத்தச் சொன்னாள். வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டாள், ஆமாம் என்றேன். வலியால் வந்த தண்ணீர் இல்லை பாப்பா. என் முதுகில் இன்னொருவர் கை பட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் கணக்குப் போட்டேன்.

ஊசி குத்தி எடுத்துப் பார்த்து மார்பில் புற்றுநோய்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்குச் சொந்தக்காரர் கையெழுத்து கேட்டார்கள். அத்தையிடம் சொன்னால் நான் வீடு திரும்புவதற்குள் செய்தி உன்னிடம் வந்துவிடும். எங்கள் டிப்போ டிரைவர், நாங்கள் ஹாரன் என்று கூப்பிடுவோமே, காது கிழியப் பேசுகிற மனுஷன், அவனிடம் கேட்டேன். உறவு என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். "பாப்பாகிட்ட சொல்லவேண்டாமாண்ணே?" என்று கேட்டபோது அவன் குரல் கிசுகிசு மாதிரி இருந்தது, அவனுக்கு அப்படியும் பேச வரும் என்று எனக்குத் தெரியாது. மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசலில் படுத்தான். டிப்போவில் குடலிறக்கம் என்று லீவு சொன்னேன், உன்னிடம் மூன்று வாரம் ஜலதோஷம் என்றேன், போனில் கேமரா கெட்டுவிட்டது என்றேன். எல்லாம் பொய். இடது பக்கம் எடுத்துவிட்டார்கள், தட்டையாக ஒரு கோடு மட்டும் இருக்கிறது. அக்குளில் பரவவில்லை. தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருடத்துக்கு. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன்.

உன்னிடம் சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், நீ அங்கே உதவிக்கு ஆளில்லாமல் குழந்தையையும் வேலையையும் பார்க்கிறாய். ஆனால் போன வாரம் டாக்டரம்மா, "பொண்ணு இருக்காங்களா?" என்று கேட்டார். அப்பா வழியிலும் இது இறங்கலாமாம். என் ரத்தத்தை எடுத்து அனுப்பியிருக்கிறார், முடிவு வர ஒரு மாதம் ஆகும். அதற்காகக் காத்திருக்காதே. எனக்கு வந்ததை உன் டாக்டரிடம் சொல், என்ன சோதனை, எப்போதிலிருந்து என்று அவர் சொல்வதைத் தள்ளிப்போடாமல் செய். ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு வீட்டையோ நகையையோ கொடுக்கவேண்டிய அப்பன் இதைக் கொடுத்திருப்பேனோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. கொடுத்திருக்க மாட்டேன் என்றே நினைத்துக்கொள்கிறேன், ஆனாலும் நீ பார்த்துவிடு.

பேத்திக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் ஆசி, நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் இரு. இதைப் படித்ததும் கோபம் வரும், உடனே எனக்குப் போன் போடத் தோன்றும், போடாதே. முதலில் உன் டாக்டருக்குப் போடு. நாள் குறித்து வாங்கியபிறகு என்னைக் கூப்பிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. நான் பேசாமல் இருந்தால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே, நான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா