என் தோஷம் நீந்தட்டும்

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று காலை இன்னொரு மீன் செத்துவிட்டது. அகலமான வாலோடு ஆரஞ்சு நிறத்தில் ஒன்று இருந்ததே, அதுதான். பல் விளக்கிக்கொண்டே தொட்டிப் பக்கம் போனேன். மேலே ஒருக்களித்து மிதந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நல்லதுடி. உனக்கு வந்தத அது வாங்கிருச்சு."

எனக்கு என்ன வந்தது? முப்பத்திரண்டு வயது வந்தது. கல்யாணம் வரவில்லை. அது ஒரு வியாதி, அதற்கு மீன் மருந்து. அப்பா போன மறு வருஷம் வாஸ்துக்காரர் ஒருவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வடகிழக்கு மூலையில் தங்கமீன் வையுங்கள், கூட ஒரு கருப்பு மீனையும் விடுங்கள், மகளுடைய தடைகளை அதுகள் இழுத்துக்கொள்ளும், ஒரு மீன் செத்தால் ஒரு தடை போச்சு என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து இந்த வீட்டில் மீன் செத்தால் விசேஷம். அம்மா அதை மல்லிகைச் செடியடியில் புதைத்துவிட்டு, தலைக்குக் குளித்து, அன்றைக்கே புதுசு வாங்கி வந்துவிடுவாள்.

இத்தனை மீன் செத்தும் தீரவில்லை என்றால் எனக்குத் தடை எத்தனை வண்டி வண்டியாக இருக்கிறதோ.

பிப்ரவரி 5, புதன்

வேலைக்குப் போகும் மில் பஸ்ஸில் தாடிக்கொம்பு தாண்டும்வரை இதே யோசனை. மீன் எதனால் செத்தது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதே இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று முழுக்க போனும் கையுமாக இருந்தேன். தங்கமீன் எதனால் சாகும் என்று தேடித் தேடிப் படித்தேன்.

எங்கள் தொட்டியில் ஃபில்டரே கிடையாது! அம்மா ஃபில்டர் என்று நினைத்துக்கொண்டிருப்பது தொட்டிக்குள் கிடக்கும் பொம்மைப் பெட்டியை. மூடி திறந்து திறந்து குமிழி விடுமே, அது. அது தண்ணீருக்குள் காற்றைக் கலக்கும், அவ்வளவுதான். அழுக்கை எடுக்காது. தங்கமீன் நாள் முழுக்கத் தின்னும், நாள் முழுக்கக் கழியும். அந்தக் கழிவிலிருந்து அமோனியா வரும். அதுகள் தங்கள் மூத்திரத்திலேயே குடியிருந்து, செவுள் வெந்து செத்திருக்கின்றன. என் ஜாதகத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அம்மாவிடம் சொன்னேன்.

"தண்ணி தெளிவாத்தான இருக்கு?"

"உப்புக் கரைச்ச தண்ணியுந்தாம்மா தெளிவா இருக்கும். குடிப்பியா?"

குனிந்து தொட்டியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கேட்டாள் பாருங்கள் ஒரு கேள்வி: "நீ சொல்றபடி அதுக சாகாம இருந்தா, தோசம் எப்புடித்தாயி போகும்?"

முதலில் சிரிப்புதான் வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன். பாத்திரம் கழுவும்போதுதான் கோபம் வந்தது. அப்படியென்றால் என் தோஷம் நீந்தட்டும். நன்றாகத் தின்று கொழுத்து, வாலை ஆட்டிக்கொண்டு கூடத்திலேயே நீந்தட்டும். எனக்காக இனி ஒரு ஜீவன் சாகாது. முடிவு செய்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பேகம்பூரில் அல் அமீன் பாய் கடைக்குப் போனேன். அம்மா மீன் வாங்கும் கடை. என்னைப் பார்த்ததும், "என்னம்மா, அடுத்தது போயிருச்சா?" என்று வலையை எடுத்தார்.

"மீன் வேணாம் பாய். ஃபில்டர் வேணும்."

கையடக்கமாக ஒன்றை எடுத்து வைத்தார். டப்பாவில் மீன் படம் பெரிதாக இருந்தது. எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. மணிக்கு எவ்வளவு தண்ணீர் இழுக்கும் என்று தேடிப் படித்தேன். எங்கள் தொட்டி நூறு லிட்டர். இது மணிக்கு இருநூறுதான் இழுக்கும்.

"பத்தாது பாய்."

"எல்லாரும் இதத்தாம்மா வாங்குறாங்க."

"எல்லார் வீட்டு மீனும் சாகுதே."

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய் வேறு வேறு எடுத்து வந்தார். ஒன்றொன்றாகக் கேட்டு நச்சரித்தேன். வெறும் பஞ்சும் காற்றுக் குழாயும் உள்ளது குட்டி மீன்களுக்குச் சரி, தங்கமீன் போடும் அழுக்குக்குத் தாங்காது. தொட்டிக்குக் கீழே டப்பா வைக்கும் வகை நல்லதுதான், ஆனால் எங்கள் மேஜைக்கு அடியில் இடமில்லை. கடைசியில் தொட்டி மேலேயே தட்டு மாதிரி உட்காரும் ஃபில்டரைப் பிடித்தேன். மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும். அது பஞ்சு வழியாகவும், பீங்கான் வளையங்கள் வழியாகவும் இறங்கித் திரும்பத் தொட்டியில் விழும். மணிக்குத் தொட்டித் தண்ணீர் நாலைந்து தடவையாவது சுற்றிவர வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் கணக்கு புதுப் பஞ்சுக்கு. அழுக்கு அடைத்தால் பாதியாகிவிடும். அதனால் ஒரு அளவு பெரிதாகவே எடுத்தேன்.

"அம்மாவுக்கு என்னம்மா பதில் சொல்றது? நம்ம ரெகுலர் கஸ்டமர்."

"இனி வர மாட்டாங்க பாய். துவா பண்ணிக்கங்க."

பிப்ரவரி 18, செவ்வாய்

ஃபில்டர் ஓடுகிறது. தண்ணீர் சலசலவென்று விழுகிறது. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் புவனேஸ்வரி அக்கா இரண்டு குடத்தோடு ஓடி வந்து கதவைத் தட்டினார்.

"தண்ணி வந்துருச்சா? எங்களுக்கு வரவே இல்லையே! உங்களுக்கு மட்டும் எப்புடி வருது?"

தொட்டியைக் காட்டினேன். குடத்தை இடுப்பில் வைத்தபடி கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். "மீனுக்கு அருவியாக்கும்!" என்று சொல்லிவிட்டுப் போனார். வாரத்துக்கொரு முறை குழாய் திறக்கும் ஊரில் இந்தச் சத்தம் கொஞ்சம் திமிராகத்தான் கேட்கிறது. கேட்கட்டும்.

மார்ச் 6, வியாழன்

ஃபில்டரை மாட்டினால் உடனே வேலை செய்யாதாம். பஞ்சிலும் வளையத்திலும் நல்ல கிருமிகள் பிடிக்க வேண்டும். அமோனியாவைத் தின்பது அவைதான். அதற்குச் சில வாரம் ஆகும். அதுவரை நாள் விட்டு நாள் கால்வாசித் தண்ணீரை மாற்றினேன். கார்ப்பரேஷன் தண்ணீரைப் பிடித்து, மருந்து வாடை போகத் திறந்து வைத்து, அதற்கென்று ஒரு டிரம். அம்மா அந்த டிரம்மைத் தாண்டும்போதெல்லாம் முணுமுணுப்பாள். எடுத்த தண்ணீரை மல்லிகைக்கு ஊற்றினேன். செடி இப்போது தளதளவென்று இருக்கிறது. அதற்கு மட்டும் அம்மாவிடமிருந்து புகார் இல்லை.

இன்று சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, பாய் கடையில் வாங்கிய அமோனியா மருந்தைச் சொட்டு விட்டுப் பார்த்தேன். முன்பெல்லாம் பச்சை காட்டும். இன்று மஞ்சள். அமோனியா இல்லை! தனியாக நின்று கை தட்டினேன்.

இரண்டு ஆரஞ்சு, ஒரு கருப்பு. மூன்றும் உயிரோடு இருக்கின்றன. கருப்பு இப்போது என் விரலுக்கு வருகிறது.

மார்ச் 13, வியாழன்

என் கல்யாணத்துக்கு வேண்டிக்கொண்டு வியாழன்தோறும் போகும் தாடிக்கொம்புக் கோயிலுக்கு அம்மா போய் வந்தாள். வந்ததும் செய்தி. முத்துக்கிருஷ்ணன் மாமா, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், ஒரு வரன் சொல்லியிருக்கிறார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி. பையன் பெயர் விக்னேஷ்குமார். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள்.

"அன்னைக்கு ஒருநா அந்த மோட்டார நிப்பாட்டி வையி தாயி. பேசுறது காதுல விழுகாது."

"நிப்பாட்டுனா பஞ்சுல இருக்கிற நல்ல கிருமியெல்லாம் மூச்சு முட்டிச் செத்துப்போகும். சத்தமாப் பேசச் சொல்லு."

எனக்குக் கல்யாணம் பிடிக்காது என்று யார் சொன்னது? பிடித்த ஆளாக இருந்தால் கட்டிக்கொள்வேன். யாரையும் பிடிக்காவிட்டால் மில்லுக்குப் போவேன், சம்பளம் வாங்குவேன், அம்மாவைப் பார்த்துக்கொள்வேன். நான் ஒரு பழுது மாதிரியும் வீடே கூடி அதைச் சரிபார்ப்பது மாதிரியும் நடத்துவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இதை அம்மாவிடம் சொன்னால் அழுவாள். "எனக்கப்புறம் உனக்கு யாருடி?" என்று கேட்பாள்.

மார்ச் 16, ஞாயிறு

ஈரச் சேலையைக்கூட மாற்றவில்லை. எழுதித் தீர்க்கிறேன்.

காலையில் நான் பூ வாங்கப் போயிருந்தேன். சாயங்காலம் வந்தார்கள். பையன், அவருடைய அம்மா, அக்கா. கூடவே மாமா. நான் சேலை கட்டி, காபித் தட்டோடு வந்தேன். வழக்கமான கேள்விகள். நானும் வழக்கமான பதில்தான் சொன்னேன், சத்தியமாக அடக்கமாகத்தான் இருந்தேன்.

அப்போது பையனின் அம்மா தொட்டியைப் பார்த்தார். "ஏனுங்க, மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறக்குதுங்க. பசிக்குதாட்ட இருக்குது."

திரும்பினேன். மூன்றும் மேலே. வாய் பிளந்து பிளந்து மூடுகிறது. தண்ணீர் விழும் இடத்தில் வெள்ளையாக நுரை. சாதாரண நுரை இல்லை. துணி துவைத்த நுரை.

"அம்மா, ஃபில்டர் பஞ்சுல கைய வச்சியா?"

"வாரவுக பாப்பாகளேன்னு சோப்புப் போட்டு அலசி வச்சேன். பழுப்பா இருந்துச்சுல்ல—"

தட்டை அப்படியே தரையில் வைத்தேன். எனக்குள் என்னவோ அறுந்துபோனது.

அக்காக்காரி வேறு நிதானமாகச் சொன்னாள்: "விடுங்க, செத்தா நல்லதுதானுங்க. தோசம் கழிஞ்சுதுன்னு அர்த்தம்."

"ஒரு தோசமும் இல்ல, சோப்பு!" என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். சேலையை இடுப்பில் செருகினேன். ஃபில்டரைப் பிடுங்கிப் போட்டேன். வாளியில் டிரம் தண்ணீரை மொண்டு மீன்களை வலையால் அதில் மாற்றினேன். பிறகு தொட்டியை இறைக்க ஆரம்பித்தேன். கூடமெல்லாம் தண்ணீர். மாப்பிள்ளை காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் வேணா வாளியப் புடிக்கட்டுங்களா?" என்று எழுந்தார். அவர் அம்மா, "நீ உக்காருடா" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

போய்விட்டார்கள். அம்மா சுவரோடு சாய்ந்து நின்றாள். நான் தரையைத் துடைத்தேன்.

எனக்கு வருத்தம் இல்லை. இல்லை என்று இன்னொரு தடவையும் எழுதுகிறேன்.

மார்ச் 17, திங்கள்

மாமா போனில் சொன்னார்: பொண்ணு லட்சணம்தான், ஆனா குரல் கொஞ்சம் ஒசரமா இருக்காம். இருக்கட்டும். மில்லில் மெஷின் ஓடுகிற இடத்தில் பேசிப் பழகிய குரல்.

ஆரஞ்சு இரண்டும் பிழைத்துக்கொண்டன. கருப்பு பிழைக்கவில்லை. மில்லிலிருந்து வந்தபோது வாளியின் அடியில் கிடந்தது.

அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்திலிருந்தே அப்படித்தானாம், சாப்பிடவே இல்லை. சொல்லப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உனக்கு வந்தத அது வாங்கிருச்சு. சொன்னால் இன்று பதிலுக்கு என்ன பேசுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

"வாயத் தொறந்து தொறந்து என்னையவே பாத்துச்சுடி," என்றாள். "நான்தான் கொன்னுட்டேன்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை மீன் செத்த வீட்டில் ஒரு மீனுக்காக யாரும் அழுதது இதுதான் முதல். எனக்கும் அழுகை வந்தது. திட்டுவதற்கு வைத்திருந்த சொல்லெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மார்ச் 19, புதன்

பழைய பஞ்சைத் தூக்கிப் போட்டாயிற்று. புதுப் பஞ்சு, புது வளையம். எல்லாம் முதலிலிருந்து.

மார்ச் 30, ஞாயிறு

அம்மா தானாகவே கேட்டாள்: "இத எதுலதான் அலசணும்?"

தொட்டித் தண்ணீரையே ஒரு சட்டியில் எடுத்து, அதில் மெதுவாக இரண்டு தடவை பிழிந்தால் போதும் என்று செய்து காட்டினேன். பழுப்பாகத்தான் இருக்கும், அந்தப் பழுப்புதான் உயிர். அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டே பிழிந்தாள். "இதுக்கு நம்ம சாம்பாரே தேவல போல," என்றாள். என்ன சம்பந்தம் என்று எனக்கு இப்போதும் புரியவில்லை, ஆனால் இருவரும் சிரித்தோம்.

ஏப்ரல் 24, வியாழன்

அம்மா தாடிக்கொம்புக்குப் போகவில்லை. வெயில் தாங்கவில்லையாம்.

மே 11, ஞாயிறு

தொட்டிக் கண்ணாடியை உள்பக்கம் தேய்த்துக்கொண்டிருந்தேன். முழங்கைவரை தண்ணீருக்குள். அம்மாவின் போன் அடித்தது. முத்துக்கிருஷ்ணன் மாமா. அவர் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும், ஸ்பீக்கர் தேவையே இல்லை.

"பழனியில ஒரு நல்ல எடம் இருக்கு சிவனம்மா. லாட்ஜ் வச்சிருக்காக. அந்தக் கருப்பு மீனு வேற செத்துப்போச்சுல்ல, பெரிய தோசமே தொலைஞ்சுது. இனிமே தட்டாது பாரு!"

நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா இருமினாள்.

"அது சோப்புல செத்துச்சுண்ணே," என்றாள். "நான் செஞ்ச வேல. என் மகளுக்குத் தோசமுன்னு ஒண்ணும் கெடையாது. நல்லாத்தான் இருக்கா."

பிறகு, சரி சரி, என்றைக்கு வரச் சொல்லட்டும் என்று மாமா கேட்டார்.

"என்னைய ஏன் கேக்குறீக? கட்டிக்கப் போறவ இங்கதான நிக்கிறா. அவகிட்டயே கேளுங்க."

போனை என் பக்கம் நீட்டினாள். கையைத் தொட்டியிலிருந்து எடுத்து, அம்மாவின் முந்தானையிலேயே துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

"சொல்லுங்க மாமா," என்றேன். "இல்ல, இருங்க. மொதல்ல நான் கேக்குறேன்."