கேத வீட்டுக்கு விலை இல்லை

ஐஸ் வாடையோடு வீடு திரும்பி, சில்லிட்ட கையால் என் கன்னத்தைத் தொடும் அப்பாவுக்கு,

கட்டுமாவடியில் நம் ஐஸ் கம்பெனியைச் சித்தப்பா விற்றுவிட்டார். நீங்கள் கண்மூடிய மறு வருஷமே. 'கருப்பையா ஐஸ் கம்பெனி' என்ற போர்டை மட்டும் வாங்கினவர் கழற்றவில்லை. பாதி ஊருக்குக் கைமாறியதே தெரியாது.

சாவு விழுந்த வீட்டுக்கு நீங்கள் விலை சொன்னதில்லை. உங்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் வீட்டுக்கும் உமி போட்டுச் சாக்கில் சுற்றி இரண்டு கட்டி ஐஸ் போகும். போன மழையில் மீன் விற்கும் மீனாட்சி அக்காவின் வீட்டுக்காரர் இறந்துபோனார். மகன் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். கரண்ட் இல்லாததால் குளிர்பெட்டி ஓடவில்லை. அக்கா நம் கம்பெனிக்கு ஓடியிருக்கிறார். பணம் கட்டினால்தான் ஐஸ் என்றிருக்கிறார்கள்.

துக்கம் கேட்கப் போன என்னிடம் அக்கா எல்லார் முன்னாலும் கேட்டார்.

"ஒங்கப்பன் கம்பெனியில பொணத்துக்கு வெல சொல்றாய்ங்க தாயி. கருப்பையா வம்சம் வெளங்குமா?"

வாசலிலேயே நின்றேன். அந்தச் சாபம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது அப்பா? உங்களுக்கா?

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். சென்னையிலிருந்து சிரித்தார். "பேரையும் சேத்துத்தான வித்தேன். அதுக்குத்தாண்டி அம்புட்டு வெல."

நான் கூட்டத்தில் பேசுகிறவளா? ஆனாலும் ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். "அப்பாவுக்காகத்தான் அங்க ஐஸ் எடுக்கிறீங்கன்னா, இனிமே வேண்டாங்க. அது எங்களது இல்ல" என்றேன். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "அடப் பாவியளா, அப்ப இம்புட்டு நாளா எவனுக்குடா எடுத்தோம்?" என்றார். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

இப்போது படகுகளுக்கு மணமேல்குடியிலிருந்து வேனில் ஐஸ் வருகிறது. நம் கம்பெனி வாசலில் எடுக்க ஆளில்லாமல் ஐஸ் கரைந்து ரோடு வரைக்கும் ஓடியது. அதை மிதித்துக்கொண்டு நடந்தேன். இனித்தது.

புது முதலாளி வீடு தேடி வந்தார். "அந்தப் பேர நம்பித்தாம்மா வாங்குனேன். ஒங்கப்பா பேரு போர்டுல இருக்கது ஒனக்கே புடிக்கலையா?"

"அழிக்கப் பெயின்ட் வாங்கித் தரட்டுங்களா?" என்றேன்.

நேற்று போர்டு இறங்கியது. பார்க்க வேண்டுமென்றே போய் நின்றேன்.

நீங்கள் இருந்தால் "விட்ருத்தா" என்பீர்கள். விட மாட்டேன். அந்த முதலாளி வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் ஒருநாள் கேதம் விழும். எந்த ஊரானாலும் இரண்டு கட்டி ஐஸோடு முதல் ஆளாக நான் போய் இறங்குவேன். எவ்வளவு என்று கேட்பார்கள். சனம் கூடியிருக்கையில் உரக்கச் சொல்வேன், நீங்கள் சொன்ன மாதிரியே: "கேத வீட்டுக்கு வெல இல்லீங்க." சத்தியம்.

உங்கள் பெயரை இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்த
மகள்