பதிமூன்றாவது ஆள்

ஜனவரி 9, திங்கள்

புதிய வகுப்பு. நான்கு வயதுக் குழந்தைகள், பதினொரு பேர். சரிவுப் பலகை, பொம்மைக் கார், தண்ணீர்த் தொட்டி, கட்டைகள் என்று பிஞ்சு விஞ்ஞானிகளுக்கான சாமான்கள் வந்தாயிற்று. நான் வழக்கம்போல மூலை நாற்காலியில், அவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று கவனித்து எழுத. பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, குழந்தை ஏதாவது கேட்டால் குறிப்பேட்டைப் பார்க்க வேண்டும். இருபது நாளில் நம்மை மறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எழுதுவதுதான் உண்மையான தரவு. பதினான்கு வருடமாக இதுதான் என் பிழைப்பு. சும்மா உட்காருவதற்குச் சம்பளமா என்று கணவர் கிண்டல் செய்வார்.

ஜனவரி 13

ஐந்தே நாளில் மறந்துவிட்டார்கள். “உன்னை மாதிரி யாருக்கும் வராதுப்பா,” என்றார் துறைத் தலைவி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜனவரி 20

எண்ணும் பயிற்சி. “இந்த ரூம்ல மொத்தம் எத்தனை பேர் இருக்கோம்?” என்று டீச்சர் கேட்டார். ஒவ்வொருவராக வந்து விரல் நீட்டி எண்ணினார்கள். பதினொரு பேரும் சொன்ன விடை பன்னிரண்டு. மூலைக்கு வந்ததும் விரல் என்னைத் தாண்டிப் போகிறது. பதிமூன்றுதான் சரி என்பதால் எல்லோருக்கும் ‘தவறு’ போட்டேன். சிரிப்பு வந்தது.

டீச்சரோ, “கரெக்ட்,” என்று எல்லார் கையிலும் நட்சத்திரம் ஒட்டினார்.

ஜனவரி 27

சுருட்டைமுடிக்காரி தன் பையை என் மடியில் வைத்துவிட்டு விளையாடப் போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. விதிப்படி அசையாமல் இருந்தேன். மணி அடித்ததும் வந்து எடுத்துக்கொண்டாள். கால் மரத்துப் போயிருந்தது.

பிப்ரவரி 5, ஞாயிறு

ஆய்வில் வீட்டுப் பகுதியும் உண்டு. வெளியே அலைவானேன் என்று என் மகளையே சேர்த்துவிட்டேன். வாலுக்கு நாலரை வயது. இரண்டு வாரமாக அவள் விளையாடும்போதெல்லாம் வீட்டிலும் அதே விதி. இன்று குளியல் தொட்டியில் கரண்டியைப் போட்டவள், “அம்மா, இது ஏன் முழுகுது?” என்றாள். நேரம் குறித்தேன். மறுபடி கேட்டாள். குறித்தேன். ஏழு தடவை கேட்டாள்.

“பதில் சொல்லேன், உன்னைத்தானே கேக்கறா,” என்றார் கணவர்.

“சொன்னா டேட்டா கெட்டுடும்.”

அவர் அவளைத் தூக்கித் துவட்டிவிட்டார்.

பிப்ரவரி 6

இன்று அவள் எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 18

கேள்வியெல்லாம் அப்பாவிடம்தான். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். மதியம் குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டை என் தோளில் போட்டுவிட்டுப் போனாள். கொடியில் போடுவதும் அப்படித்தான். கூப்பிட்டேன். போய்க்கொண்டே இருந்தாள். கோபமா? கோபம் என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், எனக்குத் தெரியாதா? இதில் கோபமே இல்லை. பயமா இருக்கு. என்ன பண்ணித் தொலைச்சேன் நான்?

பிப்ரவரி 20

மகளை ஆய்விலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று தலைவியிடம் சொன்னேன்.

“வீட்டுப் பகுதியே உன் பொண்ணை வச்சுத்தான் நிக்குது. இன்னும் மூணு வாரம் பல்லைக் கடிச்சுக்கோ. இந்த ஆய்வு முழுசா முடிஞ்சாத்தான் உன் வேலை நிரந்தரம்.”

பேசி முடிக்கும்வரை என் தலைக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 3

வகுப்பில் விதியை மீறினேன். கார் பலகையில் பாதியிலேயே நின்றது. “இன்னும் கொஞ்சம் தூக்கிப் பாரு,” என்று சத்தமாகவே சொன்னேன். சுருட்டைமுடிக்காரி பலகையைத் தூக்கினாள். கார் ஓடியது. ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

“எனக்கே தோணிச்சு டீச்சர்,” என்றாள்.



மார்ச் 6

மகளின் விலகல் படிவம். பெற்றோர் கையெழுத்து: நான். காரணம் என்ற இடத்தில் ‘தாய் வேண்டும்’ என்று எழுதி, அடித்து, காலியாக விட்டேன். தலைவியின் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். பதினான்கு வருடம். போகட்டும்.

மார்ச் 14

வேலை நிரந்தரமானவர்கள் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். என் பெயர் இல்லை. எதிர்பார்த்ததுதான்.

மார்ச் 19, ஞாயிறு

இரண்டு வாரமாகத் தரையில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறேன். இரும்பு ஏன் கனக்கிறது, நிலா ஏன் கூடவே வருகிறது, எல்லாம். தொண்டை கட்டிவிட்டது. பக்கத்து வீட்டு ரேடியோ என்று நினைக்கிறாளோ என்னவோ.

இன்று சாயங்கால வெயில் கூடத்துச் சுவரில் விழுந்தது. விரல்களை மடக்கி மடக்கி நிழல் காட்டிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலை ஒட்டிப் போய் நின்றேன். அவள் நிழல்கள் என் நிழலுக்குள் போய்விட்டன. நெற்றியைச் சுருக்கினாள்.

“தள்ளு. மறைக்கற.”

அம்மா என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாளா, சுவரைப் பார்த்தா, அதுவும் தெரியவில்லை. நான் நகரவில்லை. இன்னொரு தடவை சொல்லட்டும் என்று அங்கேயே நின்றேன்.