பச்சையாகவே இருந்த திரை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த முதுகுவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா என்றுதான் தெரியவில்லை. போனில் ஒரு நிமிடத்தில் கேட்டுவிடலாம். நீதான் ஐந்து வாரமாக எடுப்பதில்லையே. அதனால் உன் மருமகளின் நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுத உட்கார்ந்தேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இதை உன் ஆபீசுக்கு அனுப்பாமல் வீட்டு விலாசத்துக்கு ஏன் அனுப்புகிறேன் என்பது படித்து முடிக்கும்போது உனக்கே புரியும்.

போன வருடம் நீ வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? "அக்கா, டெஸ்க்டாப்போட காலம் முடிஞ்சிடுச்சு. தூக்கிட்டுப் போக முடியாத எதையும் இனிமே யாரும் வாங்க மாட்டாங்க" என்றாய். "அப்போ உங்க அக்காவையும் மாத்திடலாமா?" என்று உன் அத்தான் கேட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எங்கள் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அந்தப் பெட்டி நகராமல் இருப்பதால்தான் அதன் முன்னால் எந்நேரமும் இரண்டு பேர் நகராமல் உட்கார்ந்திருக்கிறோம் என்று நான் சொன்னேன். நீ சிரித்தாய். நானும் விளையாட்டாகத்தான் சொன்னேன், தம்பி. வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை.

உங்கள் கம்பெனி லேப்டாப்புகள் வந்து இறங்கிய அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுகிறவர், அதில் ஓடுகிற புரோகிராமை எழுதியவர்களில் என் தம்பியும் ஒருவன் என்று வாசல் காவலர் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ரேடியோவை உனக்குத் தெரியும், பதினொரு வருடமாக என்னோடு ஒரே ஷிப்டில் இருக்கிறவர், கொட்டாவி விடும்போது மட்டும்தான் பேச்சை நிறுத்துவார். நீ வந்தபோது உனக்கு நிலையத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போய், தன் மகள் எடுத்த மார்க்கைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினாரே, அவரேதான்.

இரண்டு டெஸ்க்டாப்பையும் கழற்றிக்கொண்டு போனார்கள். தரைக்கு அடியில் வந்த கேபிளை வெட்டி, முனையில் டேப் சுற்றிவிட்டார்கள். குளோரின் சிலிண்டர் அறையோடு இணைத்த ஓர் அபாய மணி எங்கள் அறைச் சுவரில் இருந்தது. வாயு கசிந்தால் காது கிழிகிற மாதிரி அடிக்கும். அதையும் கழற்றினார்கள். இனி எச்சரிக்கை லேப்டாப்பிலேயே வந்துவிடும் என்றார் எங்கள் மேலாளர். அடுத்த வாரமே ஷிப்டுக்கு இரண்டு பேர் வர வேண்டாம், ஒருவர் நிலையத்தில் சுற்றிப் பார்த்தால் போதும், மற்றவர் வீட்டிலிருந்தே திரையைப் பார்க்கலாம் என்று உத்தரவு வந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. காய் நறுக்கிக்கொண்டே ஊர்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு மாதம் போனபிறகு எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. தண்ணீரில் குளோரின் அளவைக் காட்டும் கோடு சில நேரம் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக ஓடியது. ஓடுகிற தண்ணீரின் கோடு அப்படி இருக்காது, தம்பி. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். மேலாளரிடம் சொன்னேன். "நல்லா இருந்தாலும் உங்களுக்குப் பயமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அப்புறம்தான் உன்னைக் கூப்பிட்டேன். எந்தத் தேதியிலிருந்து என்று மட்டும் கேட்டாய். பிறகு, "நெட் கொஞ்சம் ஸ்லோவா இருக்கும்க்கா, நான் பார்த்துக்கறேன்" என்றாய். நாம் கடைசியாகப் பேசியது அதுதான்.

இனி சொல்லப் போவதை உட்கார்ந்து படி.

போன செவ்வாய்க்கிழமை ரேடியோ நிலையத்தில், நான் வீட்டில். உன் அத்தான் வேலைக்குப் போயிருந்தார். பாப்பாவுக்குப் பரீட்சை விடுமுறை, உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். ரேடியோ மணிக்கு ஒரு தடவை என்னைக் கூப்பிடுவார். பதினொரு மணிக்குக் கூப்பிடவில்லை. பதினொன்றே காலுக்கு நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. திரையைப் பார்த்தேன். எல்லாம் பச்சை. வாயுக் கசிவு இல்லை என்று எழுதியிருந்தது. சரி, போனை எங்கேயாவது வைத்துவிட்டு யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி திரையைப் பார்த்தேன். இப்படியே இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன், தம்பி. பச்சையைப் பார்த்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடம்.

பிறகு மனசு கேட்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே வாடை. காவலர் இருமிக்கொண்டே ஓடி வந்து, உள்ளே போக முடியவில்லை, அவசர எண்ணுக்கு இப்போதுதான் சொன்னேன் என்றார். அலமாரியில் இருந்த முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன். ரேடியோ சிலிண்டர் அறை வாசற்படியில் குப்புறக் கிடந்தார். அவருடைய முகமூடி கையிலேயே இருந்தது, மாட்ட நேரம் கிடைக்கவில்லை. வால்வை மூடிவிட்டு அவரை இழுத்தேன். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ தெரியாது.

அவரை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பாப்பா போன் செய்தாள். "அம்மா, உன் லேப்டாப் சிவப்பா கத்துது. என்ன செய்யணும்? எனக்குப் பயமா இருக்கு" என்று அழுதாள். மணி பார்த்தேன். பன்னிரண்டு நாற்பத்தொன்று. நான் வால்வை மூடி அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மறுநாள் உங்கள் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து லேப்டாப்பை வாங்கிப் போனார்கள். இரண்டு நாளில் திருப்பித் தந்தார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டு அதிலிருந்த பதிவைக் காட்டினார். பதினொன்று ஆறுக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டது, பதினொன்று ஆறுக்கே பார்க்கப்பட்டது என்று இருந்தது. பாப்பாவின் போன் வந்த நேரத்தைக் காட்டினேன். குழந்தை சொல்வதையெல்லாம் விசாரணையில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். அப்புறம் குரலைத் தணித்து, ரேடியோ வழக்கமாகவே முகமூடி போடாமல் சிலிண்டர் மாற்றுகிறவர் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால் என்மேல் ஒன்றும் வராது என்றார். யோசித்துச் சொல்லுங்கள் என்று காகிதத்தையும் கையில் கொடுத்தார்.

ரேடியோவை நேற்றுப் பார்த்துவிட்டு வந்தேன். தொண்டையில் குழாய் போட்டிருக்கிறார்கள். பேச்சு திரும்புமா என்று கேட்டால் டாக்டர் வேறு ஏதோ சொல்கிறார். என்னைக் கண்டதும் கையைத் தூக்கினார். அவர் மனைவி ஒரு சிலேட்டைப் பிடித்தார்கள். "தண்ணி நல்லாருக்கா?" என்று எழுதினார். நல்லாருக்கு என்றேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வதென்றுதான் மூன்று நாளாக இந்தக் கடிதம் தள்ளிப்போனது. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்களில் ஒரு பெண் இருந்தாள், உன் வயதுதான் இருக்கும். மற்றவர் போனில் பேச வெளியே போனதும் என் முகத்தையே பார்த்தாள். "நீங்க அவரோட அக்காவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "திரைக்கு எல்லாம் லேட்டா வர்றதைப் பத்தி அவர் அப்பவே மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தாரே. அவரைத்தான் வாயைத் திறக்க விடல" என்றாள். அதற்குள் மற்றவர் வந்துவிட்டார்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் அத்தானிடம்கூட. நீ ஏன் போனை எடுக்கவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். உன்மேல் கோபம் இல்லை, தம்பி. நீ எழுதிக் கொடுத்தாய், அது எனக்குப் போதும். நானும்தான் இருபத்தைந்து நிமிடம் பச்சையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நிலையத்தின் பலகையில் நேற்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து இங்கே சுற்றிப் பார்க்கிற அந்த ஓர் ஆளும் வேண்டாமாம். இன்னும் மூன்று ஊர்களின் நிலையங்களில் டெஸ்க்டாப்பைக் கழற்றும் தேதியும் அதிலேயே இருக்கிறது. அந்த மூன்று ஊரும் எந்தத் திசையில் இருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியாது.

விசாரணை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. அந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. உன் பெயரை நானாக எடுக்க மாட்டேன். ஆனால் நேருக்கு நேர் கேட்டால் எனக்குப் பொய் வராது, அது உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இதைக் கூரியரில் அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். நடுவில் இரண்டு நாள் இருக்கிறது. நீ எழுதிக் கொடுத்ததற்கு நகல் வைத்திருப்பாய். பள்ளிக்கூட ரசீதைக்கூடத் தூக்கிப் போடாதவன் நீ.

அந்த வேலை போனால் போகட்டும். மாடி அறையைப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். நீ நூறு வயது இருக்க வேண்டும், இருக்கிற நாளெல்லாம் யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசுகிறவனாக இருக்க வேண்டும். அதற்கு மேல் அக்காவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

உன் வரவை எதிர்பார்த்து,
அக்கா