மழை போட்ட லீவு

மே 10, சனி

மரங்களுக்குப் பாவாடை கட்டி முடித்தோம். ரெயின் கார்டு என்று சொன்னால்தான் மரியாதை, ஆனால் குலசேகரத்தில் யார் அப்படிச் சொல்கிறார்கள்! ரப்பர் மரத்தில் பால் வெட்டும் இடத்துக்கு மேலே பிளாஸ்டிக்கைக் கொசுவம் வைத்துச் சுற்றி, தார்ப்பசை தடவி, ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். அதன் பிறகு மழைத்தண்ணீர் பால் வடியும் சிரட்டைக்குள் இறங்காது. இத்தனை வருஷமும் மழை வந்தால் கத்தியைத் தொங்கப்போட்டு வீட்டில் இருந்தேன். இனி மழையிலும் வெட்டலாம்.

பள்ளிக்கூட விடுமுறை என்பதால் சிந்தியாவும் ஸ்டேப்ளர் அடிக்க வந்தாள். டீச்சர் கை அல்லவா, பரீட்சைத் தாளைக் கட்டுவது போல ஒழுங்காக அடித்தாள். கடைசி மரத்தை முடித்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"மரத்துக்கெல்லாம் பாவாடை எடுத்தாச்சு. கெட்டினவளுக்கு எப்ப?"

அடுத்த தோட்டத்து ராஜமணி அங்கிருந்தே சிரித்தான். எனக்கும் சிரிப்புதான். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இவள் வாய்க்கு முன்னால் நான் தோற்றுத்தான் போகிறேன்.

மே 25, ஞாயிறு

ஞாயிறு வெட்டு கிடையாது. ஓய்வு நாள் என்று பெயர். காலையில் அவளுக்கு ஞாயிறு பள்ளி, எனக்குக் காணிக்கைத் தட்டு. மதியம் அவளுக்குப் பெண்கள் சங்கம், எனக்குச் சபைக் கமிட்டி. ஆலய வாசலில் எதிரெதிரே பார்த்தபோது "சோத்திரம் சகோதரி" என்றேன். குடையால் ஒரு குத்து விட்டாள்.

ஜூன் 3, செவ்வாய்

நேற்றுப் பள்ளி திறந்தாயிற்று. பழைய ஓட்டம் மறுபடியும். காக்கை விழிக்கும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நான் இறங்கிவிடுகிறேன். ஒரு நாள் எங்கள் தோட்டம், மறுநாள் கூலிக்கு ஞானையன் மாமாவின் தோட்டம்; அங்கேயும் பாவாடை கட்டியாயிற்று. வெட்டி, பால் எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, முந்தின நாள் உறைந்த பாலை ரோலரில் ஷீட் அடித்து வீட்டுக்கு வரும்போது சிந்தியாவும் மகள் ஸ்மைலினும் பள்ளி வேனில் போயிருப்பார்கள். சாயங்காலம் அவளுக்கு டியூஷன் பிள்ளைகள். அதுகள் போகும்போது எனக்குக் கொட்டாவி.

கதவோரம் கட்டன் காப்பி பிளாஸ்க்கை வைத்துவிட்டுத்தான் படுப்பாள். அதை எடுக்கும்போது மட்டும் இந்த வீட்டில் எனக்கு ஒரு மனைவி இருப்பது தெரிகிறது.

ஜூன் 7, சனி

முதல் பெரிய மழை. கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பாவாடை நன்றாகத் தாங்கியது. ஒரு சிரட்டையில்கூடத் தண்ணீர் இல்லை. ராஜமணி வேலிப்பக்கம் வந்து பார்த்துவிட்டு, "கொள்ளாம் மக்கா, நல்லாருக்கு. அடுத்த வருஷம் நானும் கெட்டுவேன்" என்றான். பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் முன்னறை நடுவில் கேரம் போர்டு. பவுடர் தூவி, காய் அடுக்கி, எதிரெதிராக உட்கார இரண்டு பலகை. ஸ்மைலின் இல்லை. அடுக்களையில் அவள் அம்மாவோடு மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மழைன்னா அப்பா வீட்லதானே இருப்பிய?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. கணக்கில் சந்தேகம் கேட்பது போல.

பிறகு இரண்டு ஆட்டம் ஆடினோம். பவுடர் ஈரம் பிடித்து, காய் நகரவே இல்லை.

ஜூன் 9, திங்கள்

பால் கொள்ளாம். வீடு அவ்வளவு கொள்ளாது.

ஜூன் 12, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

19-ஆம் தேதி எங்கள் கல்யாண நாள். கல்யாணத்தன்று பந்தல் ஒழுகி, பாயசத்தில் மழை விழுந்து, சிந்தியாவின் அத்தைமார் ஈரச் சேலையோடு போட்டோவுக்கு நின்றார்கள். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் மழைதான். மழை தவறிய ஒரே வருஷம் ஞாயிற்றுக்கிழமையாகப் போயிற்று. ஆண்டவர் பார்த்துத்தான் செய்கிறார் என்று சொல்லிச் சிரிப்போம். மழை என்றால் எனக்கு வெட்டில்லை, அவள் பள்ளிக்கு லீவு சொல்லிவிடுவாள். மரச்சீனியும் மீனும். மழை குறைந்தால் ஒரே குடையில் திற்பரப்பு. வெள்ளம் என்று குளிக்க விடமாட்டார்கள். தள்ளி நின்று அருவியைப் பார்த்துவிட்டு, பஜ்ஜி தின்றுவிட்டு வருவோம். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

இன்று சாயங்காலம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பத்தொம்பதாம் தேதி ஞானையன் மாமா தோட்டமாக்கும். மழைன்னாலும் பாவாடை இருக்குல்லா. வெட்டிட்டு உச்சைக்கு வந்திருவேன்" என்றேன்.

சாளை மீனைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"செரி. அப்ப நானும் லீவு சொல்லல்ல."

"ஏன்டீ, நீ போட வேண்டியதுதானே?"

"பத்து வருஷமா லீவு எழுதிக் குடுத்தது நான். ஹெச்செம்முக்க முகத்தப் பாத்துக் கேட்டது நான். நீங்க ஒருக்காலாவது எனக்காக லீவு போட்டிருக்கியளா? உங்களுக்கு மழைதான் போட்டுது."

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவள் மீன் சட்டியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

நான் யாருக்காக வெட்டுதேன்? இவளுக்கும் பிள்ளைக்கும்தானே? — இதையேதான் எல்லா ஆம்பிளையும் சொல்லுதான்.

ஜூன் 13, வெள்ளி

யோசித்துப் பார்த்தேன். காய்ச்சலுக்கு இருந்திருக்கிறேன். அப்பா சாவுக்கு இருந்திருக்கிறேன். மழைக்கு இருந்திருக்கிறேன். சும்மா, இவளோடு இருக்க வேண்டும் என்று ஒருநாள்? இல்லை. அவள் சொன்னது நிசம்.

ஜூன் 15, ஞாயிறு

ஆலயத்தில் மழைக்காக ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். மழை வந்து என்ன செய்ய? அதற்குத்தான் பாவாடை கட்டி வைத்திருக்கிறேனே. கண்ணைத் திறந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

லீவு கேட்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. பால் பாத்திரத்தைக் கழுவி, துடைத்து, மறுபடியும் கழுவி, கடைசியில் ஞானையன் மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

"மாமா, வியாழக்கிழம நான் வரல்ல."

"ஏன்டே, சொகமில்லியா?"

"சொகத்துக்கு ஒண்ணுமில்ல."

"ஆரும் மரிச்சாவளா?"

"இல்ல மாமா. வீட்ல இருக்கணும்."

மாமா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். "ஏலே எபிசா, மழைக்கு வெட்டணும்னு பாவாட கெட்டினோம். இப்ப வெயிலுக்கு லீவு கேக்குதியா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. "கல்யாண நாளு மாமா" என்றேன். சொல்லும்போது பொண்ணு பார்க்கப் போன அன்று இருந்த அதே வெட்கம்.

"அதுக்கு ஆராவது வெட்டு முடக்குவானா!" என்று முனகிக்கொண்டே உள்ளே போனார். பிறகு ஜன்னல் வழியாக, "வெள்ளிக்கிழம நேரத்தோட வந்திரணும் கேட்டியா" என்று குரல் மட்டும் வந்தது.

அப்பாடா.

ஜூன் 18, புதன்

சிந்தியாவிடம் சொல்லவில்லை. இன்றைக்கு வெட்டின பாலுக்கு சீக்கிரம் உறைய ஆசிட்டைக் கொஞ்சம் கூட்டி விட்டு, சாயங்காலமே ஷீட் அடித்துக் கொடியில் போட்டுவிட்டேன். நாளைக்கு ரோலர் பக்கமே போகக்கூடாது.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. இந்த வருஷம் மழை பெய்து தொலைத்தால், நான் போட்ட லீவும் அதன் கணக்கில் போய்விடும்.

ஜூன் 19, வியாழன்

வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சிந்தியாவின் கை என் நெற்றியைத் தொட்டது.

"காய்ச்சலா?"

"இல்ல."

காதைத் தீட்டிக் கேட்டாள். ஓட்டின் மேல் ஒரு சத்தமும் இல்லை. "மழயும் இல்லியே. பின்ன?"

"லீவு."

"ஆரு போட்டது?"

"நான்தான். ஞானையன் மாமாட்ட கேட்டு வாங்கினேன்."

என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நனைந்தது. பிறகு திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். "ஐயோ, நான் லீவு சொல்லலியே! நேத்தே சொல்லியிருக்கப்பிடாதா? வாயில என்ன ஒட்டுப்பாலா வச்சிருந்திய?"

வெயில் வந்த பிறகும் திட்டிக்கொண்டே முற்றத்துக்குப் போய் ஹெச்செம்முக்குப் போன் போட்டாள். நான் கதவோரம் போய் நின்றேன். கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு ஸ்மைலினும் வந்து நின்றாள்.

"மிஸ், இன்னைக்கு நானும் பிள்ளையும் வரல்ல மிஸ்… இல்ல மிஸ், சொகமாத்தான் இருக்கோம்…"

அந்தப் பக்கம் காரணம் கேட்டிருக்க வேண்டும். சிந்தியா திரும்பி என்னைப் பார்த்தாள். வந்த சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"எங்க வீட்ல நல்ல மழை மிஸ்."

கொடியில் நேற்றுப் போட்ட ஷீட்டெல்லாம் வெயிலில் நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது.